கம்யூனிஸ்டுகள் கண்டெடுத்த மன்னர்கள்

1980ஆம் ஆண்டு ருமேனியா ஒரு விசித்திரமான ஆண்டுவிழா கொண்டாடியது. இன்றைய ருமேனியா இருக்கும் நிலப்பகுதியில் பழங்காலத்தில் வாழ்ந்தவர்கள் டாசியர்கள். அவர்களுடைய மன்னர் புரெபிஸ்தா 'முதல் ஒருங்கிணைந்த, சுதந்திர அரசை' நிறுவி 2050 ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன என்று அரசாங்கம் அறிவித்தது. கழித்துப் பார்த்தால் கி.மு. 70 வருகிறது. புரெபிஸ்தா கற்பனைப் பாத்திரம் இல்லை. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் இந்த ஆண்டில்தான் அவர் அரசு அமைத்தார் என்று பழைய நூல் எதுவும் சொல்லவில்லை. விழாவுக்கு ஒரு தேதி வேண்டியிருந்தது; ஒரு தேதியை வைத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் உலக வரலாற்று அறிஞர்களின் மாநாடு தலைநகர் புக்கரெஸ்டில் கூடியது வசதியாகப் போயிற்று. புரெபிஸ்தா பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. செய்தித்தாள், பள்ளிக்கூடம், அருங்காட்சியகம் என்று எங்கே திரும்பினாலும் ஒரே வம்சாவளிதான்: புரெபிஸ்தாவில் தொடங்கி, நடுவே நாலைந்து வீர மன்னர்களைத் தொட்டு, கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் நிக்கொலாய் சவுஷெஸ்குவிடம் வந்து நின்றது அது.

உலகத் தொழிலாளர்களை எல்லாம் ஒன்றுசேர்க்கப் புறப்பட்ட ஓர் இயக்கம், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு மலைநாட்டு மன்னரிடம் போய்ச் சேர்ந்தது எப்படி?

தொடக்கத்தில் அந்தக் கட்சிக்கு இருந்த குறையே தேசப்பற்று இல்லாத கட்சி என்ற பெயர்தான். முதல் உலகப்போருக்குப் பின் ருமேனியா ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகியிருந்தது. ஹங்கேரியிடமிருந்து டிரான்சில்வேனியாவும், ரஷ்யாவிடமிருந்து பெசராபியாவும் அதனுடன் சேர்ந்திருந்தன. மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலமோ இந்த விரிந்த நாட்டையே ஏகாதிபத்தியப் படைப்பு என்றது. பெசராபியா பிரிந்து போக உரிமை உண்டு என்றது. அந்தக் கொள்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்சி ருமேனிய விவசாயியிடம் ஓட்டுக் கேட்டுப் போனால் என்ன கிடைக்கும்? 1924இல் கட்சி தடை செய்யப்பட்டது. 1944இல் மறைவிலிருந்து வெளியே வந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரம்கூட இருக்காது என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த ஆயிரம் பேரின் கட்சி நாட்டையே கையில் எடுத்தது. 1947 டிசம்பர் 30 அன்று மன்னர் மிஹாய் முடிதுறந்தார். பின்னால் சோவியத் செஞ்சேனை நின்றது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் பத்தாண்டுப் பிரச்சாரம் அந்த நன்றிக்கடனைத் தீர்ப்பதிலேயே கழிந்தது. மிஹாய் ரோலர் என்ற கட்சி வரலாற்றாசிரியர் தலைமையில் 1947இல் புதிய வரலாற்றுப் பாடநூல் வந்தது. லத்தீன் மொழியின் கிளையைப் பேசும் ருமேனியர்களுக்கு, ஸ்லாவியரிடமிருந்து தாங்கள் பெற்றதே அதிகம் என்று அது கற்பித்தது. பழைய மன்னர்கள் அதில் நிலப்பிரபுக்களின் ஆட்களாகச் சுருங்கிப்போனார்கள். 1950இல் பிரஷோவ் என்ற பழம்பெரும் நகரத்துக்கு ஸ்டாலின் நகரம் என்று பெயர் சூட்டினார்கள். நகரை ஒட்டிய தம்பா மலைச்சரிவில் மரங்களாலேயே ஸ்டாலின் பெயரை எழுதினார்கள். 1953இல் வந்த தேசிய கீதம் சோவியத் மக்களுடனான சகோதரத்துவத்தைப் பாடியது. அதே ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம், ரோமாபுரியோடு உள்ள உறவைக் காட்டிய ஓர் எழுத்தை நாட்டின் பெயரிலிருந்தே நீக்கிவிட்டது.

ஓர் ஊரின் பெயர், ஓர் எழுத்து, ஒரு பாட்டு. இவற்றில் கைவைத்தால் மக்கள் வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுவும் பயம் நிறைந்த காலத்தில். ஆனால் மறக்கவும் மாட்டார்கள். அந்தக் காயத்தைத்தான் பின்னாளில் கட்சி தன் மூலதனமாக ஆக்கிக்கொண்டது.

திருப்பம் சவுஷெஸ்குவிடம் தொடங்கவில்லை. அவருக்கு முன்னால் ஆண்ட கியோர்கே கியோர்கியு-தேஜ் ஸ்டாலின் காலத்து ஆள். கைதிகளைக் கால்வாய் வெட்ட அனுப்பியவர். 1958இல் சோவியத் படைகள் ருமேனியாவை விட்டு வெளியேறின. அறுபதுகளின் தொடக்கத்தில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கிடையே வேலைப் பங்கீடு ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார்: கிழக்கு ஜெர்மனியும் செக்கோஸ்லோவாக்கியாவும் இயந்திரம் செய்யும், ருமேனியா சோளமும் காய்கறியும் விளைவிக்கும். கலாட்ஸ் நகரில் மாபெரும் உருக்காலை கட்டும் கனவிலிருந்த தேஜுக்கு இது ஒப்பவில்லை. 1964 ஏப்ரலில் ருமேனியக் கட்சி ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொரு கட்சிக்கும் தன் வழியைத் தானே முடிவுசெய்யும் உரிமை உண்டு, தாய்க் கட்சி பிள்ளைக் கட்சி என்ற பேதம் கிடையாது என்பது அதன் சாரம். அதற்கு முன்பே பள்ளிகளில் ரஷ்ய மொழியின் கட்டாயம் போயிருந்தது.

அந்த ஆண்டு கடைசியில் நடந்தது இன்னும் சுவையானது. ஆம்ஸ்டர்டாம் ஆவணக் காப்பகத்தில் கார்ல் மார்க்ஸின் கைக்குறிப்புகள் சில கிடந்தன. ருமேனியர்களைப் பற்றி அவர் படித்துத் தொகுத்த குறிப்புகள் அவை. 1812இல் ரஷ்யப் பேரரசு பெசராபியாவை எடுத்துக்கொண்டதை மார்க்ஸ் அதில் கண்டித்திருந்தார். புக்கரெஸ்டில் அதை நூலாக்கி வெளியிட்டார்கள்; விரைவில் விற்றுத் தீர்ந்தது. சோவியத் யூனியனை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது, ஆனால் மார்க்ஸை யார் தடுப்பது?

1965 மார்ச்சில் தேஜ் இறந்தார். நாற்பத்தேழு வயது சவுஷெஸ்கு தலைமைக்கு வந்தார். கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, இளமையில் சிறைக்குப் போன மனிதர். நீக்கிய எழுத்து நாட்டின் பெயருக்குத் திரும்பி வந்தது. அவருடைய தேசப்பற்று வேஷம் என்று சொல்லிவிட முடியாது. அவர் வாழ்க்கையைப் பார்த்தால் அவரே அதை நம்பியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

1968 ஆகஸ்ட் 20 இரவு, சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. ருமேனியாவும் அவற்றோடு வார்சா ஒப்பந்த ராணுவக் கூட்டணியில் இருந்த நாடுதான். அது படை அனுப்பவில்லை. மறுநாள் கட்சித் தலைமையகத்தின் மாடத்தில் நின்று, கீழே அரண்மனைச் சதுக்கத்தில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன்னால் சவுஷெஸ்கு அந்தப் படையெடுப்பைப் பகிரங்கமாகக் கண்டித்தார். ருமேனியாவைக் காக்க ஆயுதமேந்திய மக்கள் காவல்படைகள் அமைக்கப்படும் என்றார். அன்று அந்தக் கூட்டத்தை யாரும் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. கட்சியை வெறுத்தவர்கள்கூட அந்த வாரம் அதில் சேர்ந்தார்கள். பின்னாளில் ஆட்சியின் மிகத் துணிச்சலான எதிர்ப்பாளராக மாறிய எழுத்தாளர் பவுல் கோமா அவர்களில் ஒருவர். பத்தாண்டுக்கு முன் சிறையிலிருந்தவர் அவர்.

பிரச்சாரம் என்றதும் பொய் என்று நினைக்கிறோம். ருமேனியாவில் அது மிகச் சிறப்பாக வேலை செய்த நாள், அது மக்கள் மனத்திலிருந்ததையே சத்தமாகச் சொன்ன நாள். அடுத்த இருபத்தொரு ஆண்டுகளும் சவுஷெஸ்கு அந்த ஒரு நாளின் கையிருப்பை எடுத்துத்தான் செலவு செய்தார். மேற்கு நாடுகளும் கைகொடுத்தன. மாஸ்கோவை எதிர்த்த கம்யூனிஸ்ட் என்பதால், 1969 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சனே புக்கரெஸ்டுக்கு வந்து போனார்.

1971 ஜூனில் சவுஷெஸ்கு சீனா, வட கொரியா, வட வியட்நாம், மங்கோலியா சுற்றுப்பயணம் போனார். வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கின் தலைநகரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உடல்போல அசைந்து காட்டிய காட்சி அவரை ஆட்கொண்டது. திரும்பி வந்ததும், ஜூலையில், கட்சிக்கு 17 முன்மொழிவுகளை வைத்தார். கலை, இலக்கியம், பள்ளி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் கட்சியின் பிடி இறுக வேண்டும் என்பதே அவற்றின் உள்ளடக்கம். அறுபதுகளில் சற்றே திறந்திருந்த கதவு மூடத் தொடங்கியது. 1974 மார்ச்சில் அவருக்காகவே குடியரசுத் தலைவர் பதவி உருவாக்கப்பட்டது. பதவியேற்பில் மன்னரைப் போலக் கையில் செங்கோல் ஏந்தினார். ஓவியர் சால்வடோர் டாலி அந்தச் செங்கோலைப் பாராட்டித் தந்தி அனுப்பினார். கட்சி நாளேடான 'ஸ்கின்தேயா' அதிலிருந்த கிண்டல் புரியாமல் அப்படியே அச்சிட்டுவிட்டது.

மன்னர் வேஷத்துக்கு முன்னோர் வரிசையும் வேண்டும். அதே 1974இல் கட்சி ஏற்றுக்கொண்ட செயல்திட்டம் டாசியர் காலத்திலிருந்து வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தது. அந்த ஆண்டே டிரான்சில்வேனியாவின் முக்கிய நகரமான க்ளூஜ், அங்கே முன்பு ரோமானியர் காலத்திலிருந்த ஊரின் பெயரையும் ஒட்டவைத்து க்ளூஜ்-நபோக்கா ஆனது. இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்கள் நாங்களே என்று அந்நகரத்தில் பெருந்தொகையாக வாழ்ந்த ஹங்கேரியர்களுக்குச் சொன்ன சேதி அது.

அதே ஆண்டில் எட்கர் பாப்பு என்ற இலக்கிய அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். மேற்கு ஐரோப்பாவில் பின்னர் தோன்றிய பல இலக்கியப் போக்குகளை ருமேனிய எழுத்தாளர்கள் முன்கூட்டியே தொட்டுவிட்டார்கள் என்பது அவர் வாதம். ஒரு கட்டுரையாக அதைப் படித்துவிட்டு வாதாடலாம். ஆனால் 'நாமே முதல்' என்பது விரைவில் ஓர் இயக்கமாயிற்று. எந்தத் துறையை எடுத்தாலும் ஒரு ருமேனியர் முன்னால் நின்றார். இத்தாலியில் செல்வந்தரான யோசிஃப் கான்ஸ்டன்டின் திராகான், இளமையில் வலதுசாரித் தீவிரவாதிகளோடு உறவாடியவர், டாசியர்களின் உறவினரான பண்டைய திரேசியர்களே ஐரோப்பிய நாகரிகத்தின் ஊற்று என்று எழுதினார். கம்யூனிஸ்ட் புக்கரெஸ்ட் அவரைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றது.

இதில் யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள்? ருமேனியாவில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் கேதரின் வெர்டெரி 1991இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். எல்லாப் பத்திரிகையும், எல்லாப் பதிப்பகமும், அச்சுக் காகிதமும்கூட அரசின் கையில். அங்கே பங்கு கேட்டுப் போட்டியிட்ட அறிவாளிகளுக்கு ஒருவரை ஒருவர் வெல்ல 'தேசம்' என்பதே மிகக் கூர்மையான ஆயுதமாக இருந்தது. 'நாமே முதல்' அணியை எதிர்த்த நேர்மையான விமர்சகர்கள்கூட, தேசத்தின் உண்மையான நலன் எங்கள் பக்கம் என்றுதான் வாதாட வேண்டியிருந்தது. கட்சி மேலிருந்து ஊற்றியது பாதி. கீழிருந்து போட்டி போட்டு எழுதிக் கொடுத்தது பாதி. 1977இல் தணிக்கை அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். நிம்மதி என்று யாரும் பெருமூச்சு விடவில்லை. இனி தப்பு நடந்தால் தலை போவது பத்திரிகை ஆசிரியருடையது என்பதால் ஆசிரியர்களே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்கள்.

சாதாரண மக்களிடம் இது வந்து சேர்ந்தது கட்டுரைகள் வழியாக இல்லை. பாட்டு, ஆட்டம், சினிமா வழியாக. 1976இல் 'ருமேனியாவின் பாடல்' என்ற மாபெரும் கலைவிழா தொடங்கியது. ஆலை, பள்ளி, கூட்டுப்பண்ணை, படைமுகாம் எல்லாவற்றிலிருந்தும் குழுக்கள் வந்து ஆட வேண்டும், பாட வேண்டும், கவிதை சொல்ல வேண்டும். தொழில்முறைக் கலைஞர்களும் தறி ஓட்டுபவர்களும் ஒரே மேடையில். மறு ஆண்டு விளையாட்டுக்கும் இதேபோல் நாடு தழுவிய ஒரு போட்டி வந்தது. அதன் பெயர் 'டாசியாடா'. கிராமத்து அளவிலான ஓட்டப்பந்தயத்துக்குக்கூட டாசியர்கள் காவல் நின்றார்கள். நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு 'தாய்நாட்டின் வல்லூறுகள்' என்ற அமைப்பு இருந்தது. மழலையர் பள்ளியிலேயே சீருடை.

இவற்றில் எல்லாமே வறட்டுச் சடங்கு என்று நினைத்தால் கதை பாதிதான் புரியும். கவிஞர் அத்ரியான் பவுனெஸ்கு 1973 முதல் 'ஃப்ளாகரா' வட்டம் என்ற பெயரில் ஊர் ஊராக நடத்திய நிகழ்ச்சிகளுக்கு இளைஞர்கள் மைதானம் மைதானமாகத் திரண்டார்கள். கிதார், நாட்டுப்புறப் பாட்டு, நீள முடி, இடையிடையே தாய்நாடு, அப்புறம் தலைவருக்கு ஒரு வணக்கம். வேறெங்கும் கிடைக்காத காற்று அங்கே கிடைத்தது. அதற்கு விலையாக அந்த வணக்கத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். 1985 ஜூனில் ப்ளோயெஷ்ட் மைதானத்தில் புயல்மழைக்கு நடுவே நெரிசலில் சிலர் இறந்தார்கள். அதையே காரணமாக வைத்து அரசாங்கம் அந்த நிகழ்ச்சிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

சினிமாவில் செர்ஜியு நிக்கொலாயெஸ்கு தனி ராஜ்யம் நடத்தினார். 1967இல் 'டாசியர்கள்'. அடுத்து 1971இல் திரைக்கு வந்த 'வீரன் மிஹாய்'. 1600ஆம் ஆண்டில் வலாக்கியா, மொல்தாவியா, டிரான்சில்வேனியா என்ற மூன்று சிற்றரசுகளையும் சில மாதங்கள் ஒரே கையில் பிடித்திருந்து, மறு ஆண்டே கொல்லப்பட்ட இளவரசரின் கதை அது. போர்க்காட்சிகளில் நடிக்க உண்மையான ராணுவ வீரர்களை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். இரண்டு கோடி மக்கள் உள்ள நாட்டில் காலப்போக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. படம் நன்றாகவே எடுக்கப்பட்டது. இன்றும் தொலைக்காட்சியில் போட்டால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். திரையிலிருந்த மிஹாய் ருமேனிய இன ஒற்றுமைக்காகக் கனவு கண்டவர். வரலாற்று மிஹாய் அப்படி நினைத்ததற்குச் சான்று இல்லை. நிலத்தை விட்டு விவசாயி வெளியேற முடியாதபடி பிணைத்த ஆணை ஒன்று அவர் பெயரில் உண்டு. விவசாயிகளின் கட்சி என்று சொல்லிக்கொண்டவர்கள் அந்த ஆணையைப் பற்றி அதிகம் பேசவில்லை.

அந்த மிஹாய் 1590களில் கட்டிய மடாலயம் ஒன்று புக்கரெஸ்டின் ஒரு குன்றில் இருந்தது. எண்பதுகளில் சவுஷெஸ்கு தன் பிரம்மாண்ட 'மக்கள் மாளிகை'க்கும் அதன் முன்னால் ஓடும் பெருவீதிக்கும் இடம் பண்ண, அந்தப் பழைய நகரப் பகுதியையே இடித்துத் தள்ளினார். மடாலயத்தின் சுற்றுக் கட்டிடங்கள் இடிந்தன. தேவாலயத்தை மட்டும் பொறியாளர்கள் அடித்தளத்தோடு அறுத்து, தண்டவாளத்தில் ஏற்றி, 1985இல் முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் நகர்த்தி, அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டு கட்டடக்கலையின் பெருமை என்று போற்றப்பட்ட வகரெஷ்ட் மடாலயத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை, தரைமட்டமானது. தேசத்தின் முன்னோர்களைத் திரையில் தூக்கி வைத்த அதே ஆட்சிக்கு, அவர்கள் விட்டுப்போன கல்லும் சுண்ணாம்பும் தடையாகத் தெரிந்தன.

முன்னோர்களுக்கு எதிரிகளும் வேண்டுமே. நாட்டில் பதினேழு லட்சம் ஹங்கேரியர்கள் இருந்தார்கள். 1952இல் மாஸ்கோவின் யோசனைப்படி அவர்களுக்குக் கொடுத்த தன்னாட்சிப் பகுதி 1968இல் மறைந்தது. க்ளூஜ் நகரின் ஹங்கேரியப் பல்கலைக்கழகம் 1959லேயே ருமேனியப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. 1986இல் ஹங்கேரிய அறிவியல் கழகம் டிரான்சில்வேனியாவின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அதைக் கண்டித்து ருமேனியத் தரப்பு 1987 ஏப்ரலில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. இரண்டு கம்யூனிஸ்ட் சகோதர நாடுகள், ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு பள்ளத்தாக்கில் யார் இருந்தார்கள் என்பதற்காக, முதலாளித்துவப் பத்திரிகையில் காசு கொடுத்துச் சண்டை போட்டன. 1988 முதல் ஹங்கேரிய மொழிப் பத்திரிகைகள்கூட ஊர்ப் பெயர்களை ருமேனிய வடிவில்தான் எழுத வேண்டும் என்றானது. ஜெர்மானிய வம்சாவளியினர் விஷயத்தில் கதை வேறு. தலைக்கு இவ்வளவு என்று மேற்கு ஜெர்மனியிடம் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பிவைத்தார்கள்.

தேசம் என்பது பெண்களின் உடலிலும் நுழைந்தது. 1966இல் வந்த 770ஆம் ஆணை கருக்கலைப்பைத் தடை செய்தது. மக்கள்தொகைப் பெருக்கம் தேசக் கடமை. மறைவில் நடந்த கருக்கலைப்புகளால் 1989க்குள் ஏறத்தாழ பத்தாயிரம் பெண்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

எண்பதுகளில் பட்டினியும் தேசபக்தியாயிற்று. ருமேனியாவின் வெளிநாட்டுக் கடன் பத்து பில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது. கடன் கொடுத்தவன் காலடியில் கிடப்பதே அடிமைத்தனம், முழுவதையும் அடைத்துவிட வேண்டும் என்று சவுஷெஸ்கு முடிவெடுத்தார். 1964இலும் 1968இலும் மக்களைச் சிலிர்க்கவைத்த அதே 'சுதந்திரம்' என்ற சொல்தான் இப்போது ரொட்டிப் பங்கீட்டு அட்டைக்கும் காவல் நின்றது. இறைச்சி ஏற்றுமதியானது. 1982இல் 'அறிவியல்பூர்வமான உணவுத் திட்டம்' வந்தது: ருமேனியர்கள் தேவைக்கு மேல் சாப்பிடுகிறார்கள், குறைத்துக்கொள்வது உடலுக்கு நல்லது. குளிர்காலத்தில் வீடுகளில் வெப்பம் இல்லை, மின்விளக்கு மங்கல். 1985இல் இரண்டாவது தொலைக்காட்சி அலைவரிசையை மூடினார்கள். வார நாட்களில் ஒளிபரப்பு இரண்டே மணி நேரம். அதிலும் பெரும்பகுதி தலைவர்தான். புக்கரெஸ்ட்வாசிகள் மாடியில் ஆன்டெனாவைப் பல்கேரியாப் பக்கம் திருப்பிவைத்தார்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று. வானொலியில் மியூனிக்கிலிருந்து 'சுதந்திர ஐரோப்பா'. தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர் காவல்துறையில் அதன் எழுத்து மாதிரியைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1983இல் சட்டம் வந்திருந்தது.

அந்தக் கட்டத்தில் பிரச்சாரத்தை யாராவது நம்பினார்களா என்று கேட்பதே பொருத்தமில்லை. நம்ப வைப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. வேறு பேச்சுக்கு இடம் விடாமல் எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டு நிற்பதே வேலை. அலுவலகத்தில் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சமையலறையில் தலைவரைப் பற்றி நகைச்சுவைத் துணுக்கு சொல்வது ஒரு வாழ்க்கை முறையானது.

ஆனால் கட்சி ஊட்டிய தேசம் கட்சியையே திருப்பித் தாக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. 1987 நவம்பர் 15, உள்ளாட்சித் தேர்தல் நாள். ஒருகாலத்தில் ஸ்டாலின் பெயர் தாங்கிய அதே பிரஷோவ் நகரில், 'செங்கொடி' லாரித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வெளியே வந்தார்கள். ஊர்வலத்தில் அவர்கள் பாடியது புரட்சிப் பாட்டுத்தான். ஆனால் 1848ஆம் ஆண்டின் ருமேனியப் புரட்சிப் பாட்டு. ருமேனியனே விழித்தெழு என்று அழைக்கும் பாட்டு. கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து தலைவரின் படங்களைத் தெருவில் வீசினார்கள்.

1989 டிசம்பர் நடுவில் திமிஷோவாரா நகரில் லாஸ்லோ தொக்கேஷ் என்ற ஹங்கேரியப் பாதிரியாரை வீட்டை விட்டு வெளியேற்ற அதிகாரிகள் முயன்றார்கள். அவருடைய சபையினர் வீட்டைச் சுற்றி நின்றார்கள். ஹங்கேரியரின் பகை என்று இருபது ஆண்டுகள் ஓதிய பிரச்சாரத்தின்படி, ருமேனிய அண்டை வீட்டார் வேடிக்கை பார்த்திருக்க வேண்டும். அவர்கள் வந்து கூடவே நின்றார்கள். டிசம்பர் 16 அன்று அது ஊர்வலமானது. மறுநாள் படையினர் சுட்டார்கள். இது அந்நிய சதி என்று சவுஷெஸ்கு தொலைக்காட்சியில் சொன்னார். டிசம்பர் 21 அன்று 1968இல் நின்ற அதே மாடத்தில், அதே சதுக்கத்தைப் பார்த்து, அதே சுதந்திரத்தையும் இறையாண்மையையும் பற்றிப் பேசத் தொடங்கினார். கூட்டம் பேருந்தில் வந்த கூட்டம். நடுவில் கூச்சல் எழுந்தது. அவர் வாயடைத்து நின்றது நேரலையில் போனது. ஊதியத்தைக் கூட்டித் தருவதாக அவர் அறிவித்தும் பலனில்லை. மறுநாள் அதே கட்டிடத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். டிசம்பர் 25 அன்று அவரும் மனைவி எலெனாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடைசி நிமிடத்தில் அவர் கம்யூனிஸ்டுகளின் 'சர்வதேச கீதம்' பாடத் தொடங்கியதாக, சுட்ட வீரர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னார்.

தெருவில் மக்கள் மூவர்ணக் கொடியை எரிக்கவில்லை. நடுவிலிருந்த கம்யூனிஸ்ட் சின்னத்தை மட்டும் கத்தரித்தெடுத்துவிட்டு, ஓட்டையோடு அசைத்தார்கள். 1848ஆம் ஆண்டின் பாட்டு தேசிய கீதமாயிற்று. கட்சி வேண்டாம், தேசம் எங்களுடையது என்பது அந்த ஓட்டையிலேயே தெரிந்தது.

கத்தரிக்கோல் அவ்வளவுதான் வெட்டியது. மூன்று மாதம் கழித்து, 1990 மார்ச்சில், தர்கு முரேஷ் நகரில் ருமேனியர்களும் ஹங்கேரியர்களும் தெருவில் மோதிக்கொண்டார்கள். குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். ஹங்கேரிய எழுத்தாளர் ஆந்த்ராஷ் ஷூத்தோவின் ஒரு கண் போனது. சவுஷெஸ்குவைப் புகழ்ந்து கவிதை எழுதிய கொர்நேலியு வடிம் தூதோர், அதே ஆண்டு 'மகா ருமேனியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே பெயரில் கட்சியும் கண்டார். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு விழுந்தது. க்ளூஜ்-நபோக்காவில் 1992 முதல் 2004 வரை மேயராக இருந்த கியோர்கே ஃபுனார், நகரின் பூங்கா பெஞ்சுகளுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் அடித்தார். குப்பைத் தொட்டிக்குத் தேசியக் கொடி நிறம் அடிப்பது மரியாதையா என்று அவருடைய ஆட்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கட்சி அட்டையைத் தூக்கிப் போடுவது எளிது. பத்து வயதில் பார்த்த சினிமாவைத் தூக்கிப் போட முடியாது. சோசலிசப் பொருளாதாரத்தைப் பற்றி ஓதியதெல்லாம் ஒரே குளிர்காலத்தில் உதிர்ந்துபோனது. டாசியர்களும் மிஹாயும் மட்டும் அப்படியே நின்றார்கள். 1997இல் வரலாற்றாசிரியர் லூசியான் போயா, ருமேனியர்கள் தம் கடந்த காலத்தைப் பற்றி வைத்திருக்கும் புராணங்களைத் தோலுரித்து ஒரு நூல் எழுதியபோது, அதற்குக் கோபமான மறுப்பு நூல்களே வந்தன.

1999இல் விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது. பல பதிப்பகங்கள் பாடநூல் எழுதலாம் என்ற புதிய ஏற்பாட்டின்கீழ், சொரின் மித்து தலைமையில் க்ளூஜின் இளம் வரலாற்றாசிரியர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு நூல் தயாரித்தார்கள். அதில் பழைய வீரர்கள் சில வரிகளில் முடிந்துபோனார்கள். வீரன் மிஹாய்க்கும் பழைய பீடம் கிடைக்கவில்லை. தேசத்துரோகம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கல்வி அமைச்சர் அந்திரேய் மார்கா நூலைத் திரும்பப் பெறச் சம்மதிக்கவில்லை. அதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் சண்டையைத் தொடங்கிவைத்தவர் ஒரு செனட்டர்: 'வீரன் மிஹாய்' படத்தை இயக்கிய செர்ஜியு நிக்கொலாயெஸ்கு.